மௌனம் சம்மதமா, மறுப்பா? இந்தோனேசியச் சீனர்களின் குடியுரிமைச் சிக்கலும் அவர்களுடைய பத்திரிகைகளும்

2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்காக வெள்ளிப் பதக்கம் வென்றவர் பேட்மிண்டன் வீரர் ஹெந்திராவான். அடுத்த ஆண்டே உலகச் சாம்பியனும் ஆனார். ஆனாலும் அவர் இந்தோனேசியக் குடிமகன்தான் என்பதை உறுதிசெய்யும் காகிதம் 2002இல், தாமஸ் கோப்பைப் போட்டிக்குச் சற்று முன்புதான் கைக்கு வந்தது. அதற்கும் அதிபர் மேகவதி தலையிட வேண்டியிருந்தது. கடவுச்சீட்டு வாங்குவது, திருமணப் பதிவு, பிள்ளைகளைப் படிக்க வைப்பது என எதற்குப் போனாலும் 'எஸ்பிகேஆர்ஐ' எனப்பட்ட குடியுரிமைச் சான்றிதழைக் காட்டும்படி சீன வம்சாவளியினரிடம் மட்டும் கேட்கும் வழக்கம் அந்நாட்டில் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பிறந்த ஊரும் பேசும் மொழியும் இந்தோனேசியாவாகவே இருக்க, மூன்றாம் நான்காம் தலைமுறையினரிடமும் ஏன் இந்தக் காகிதம் கேட்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை, அந்நாடு விடுதலை பெற்ற 1945க்கும் ஆட்சி புரண்ட 1965க்கும் இடைப்பட்ட 20 ஆண்டுகளில் கிடக்கிறது. எதுவும் சொல்லாமல் வீட்டில் இருக்கும் ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்ற ஒரே கேள்விக்கு, அந்த 20 ஆண்டுகளுக்குள் சட்டம் இரண்டு எதிரெதிரான விடைகளைச் சொன்னது. அவ்விரு விடைகளையும் வாசகருக்கு விளக்கியும் எதிர்த்தும் ஆதரித்தும் எழுதியவை சீன வம்சாவளியினர் நடத்திய பத்திரிகைகள். அவற்றை ஒதுக்கிவிட்டுச் சட்ட வரலாற்றை மட்டும் படித்தால் பாதிக்கதைதான் கிடைக்கும்.

முதலில் சில சொற்கள்

1. பெரானாக்கான், தோத்தோக்: இந்தோனேசியச் சீனர்கள் ஒரே குழுவினர் அல்லர். பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்து, மலாய் அல்லது ஜாவானிய மொழியை வீட்டு மொழியாகக் கொண்டு, பெரும்பாலும் சீன எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் பெரானாக்கான். சீனாவில் பிறந்து குடியேறியவர்களும், சீன மொழி மாறாத அவர்களுடைய பிள்ளைகளும் தோத்தோக். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 6 கோடி மக்களில் 12 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் சீனர். ஜாவாவில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் உள்நாட்டில் பிறந்தவர்கள்.

2. பிறப்பிடவழி, வம்சாவளி: எந்த மண்ணில் பிறந்தார் என்பதை வைத்து ஒருவரின் நாட்டைத் தீர்மானிப்பது பிறப்பிடவழி. தகப்பன் எந்த நாட்டவர் என்பதை வைத்துத் தீர்மானிப்பது வம்சாவளி. ஒரு நாடு முதல் விதியையும் இன்னொரு நாடு இரண்டாம் விதியையும் பின்பற்றினால், ஒரே ஆள் இரண்டு நாடுகளின் ஏட்டிலும் இடம்பெற்றுவிடுவார்.

3. மௌன முறை, அறிவிப்பு முறை: இக்கட்டுரையின் வசதிக்காக இப்பெயர்களைப் பயன்படுத்துகிறேன். 'வேண்டாம்' என்று அறிவிக்காத எல்லோரும் குடிமக்கள் என்பது மௌன முறை. 'வேண்டும்' என்று அதிகாரியின் முன்னால் வந்து அறிவிப்பவர் மட்டுமே குடிமகன் என்பது அறிவிப்பு முறை. காகிதத்தில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு, படிப்பறிவு இல்லாத ஒரு கிராமத்துக் கடைக்காரரின் வாழ்வில் எவ்வளவு பெரியது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டு அரசுகள் உரிமை கோரிய மக்கள்

டச்சு ஆட்சி தன் கீழ்த்திசைத் தீவுகளின் மக்களை ஐரோப்பியர், 'அயல்நாட்டுக் கீழ்த்திசையினர்', சுதேசிகள் என மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது. சீனர்கள் நடுப்பிரிவில் இருந்தார்கள். அவர்களுக்குத் தனிச் சட்டமும் தனிக் குடியிருப்புப் பகுதியும் ஒதுக்கப்பட்டிருந்தன. பயணம் செய்ய நெடுங்காலம் அனுமதிச் சீட்டும் தேவைப்பட்டது. 1909இல் சீனாவின் சிங் அரசு தன் முதல் குடியுரிமைச் சட்டத்தை இயற்றி, சீனத் தகப்பனுக்குப் பிறந்தவர் எங்கு பிறந்தாலும் சீனரே என்றது. மறு ஆண்டே டச்சு அரசு, தன் தீவுகளில் குடியிருக்கும் பெற்றோருக்கு அங்கே பிறந்தவர்கள் டச்சுப் பிரஜைகள் என்று சட்டம் போட்டது. பிரஜை என்றதால் வாக்குரிமையும் சமநிலையும் வந்துவிடவில்லை. ஆளப்படுபவர் என்பதே அதன் பொருள். 1911இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாடு, டச்சு மண்ணில் இருக்கும்வரை டச்சுச் சட்டம் என்று இடைக்கால அமைதி கண்டதே தவிர, இரட்டை நிலையை நீக்கவில்லை.

மூன்று திசைகளில் பத்திரிகைகள்

இந்தச் சூழலில் 1910 அக்டோபரில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 'சின் போ' வார இதழாகத் தொடங்கி 1912இல் நாளிதழானது. சீனப் பத்திரிகை என்றதும் சீன எழுத்தில் அச்சானது என்று எண்ணிவிடக் கூடாது. பெரானாக்கான் சமூகம் பேசிய மலாய் மொழியில்தான் அது வந்தது. சீன மொழிப் பதிப்பு 1921இல்தான் சேர்ந்தது. சீன தேசியத்தை மலாய் மொழியில் எழுதிப் பரப்பிய பத்திரிகை என்பதே சின் போவின் தனித்தன்மை.

ஆசிரியர் சூ போ சான் காலத்தில் சின் போ, டச்சுப் பிரஜைச் சட்டத்தை எதிர்த்து இயக்கமே நடத்தியது. சீனர்கள் டச்சு ஆட்சியின் மக்கள் அவையில் அமரக் கூடாது, டச்சுப் பிரஜை என்ற நிலையை உதற வேண்டும், சீன அரசு தலையிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துகளும் திரட்டியது. சீன அதிகாரிகள் வழியாக நடந்த டச்சு நிர்வாகத்தோடு ஒத்துப்போன 'பெர்னியாகான்' நாளிதழ் இதற்கு நேரெதிர் நிலையில் நின்றது. அந்த ஒத்துழைப்புப் போக்கே 1928இல் சுங் ஹுவா ஹூய் என்ற கட்சியாக உருவெடுத்தது. வசதி படைத்தவர்களும் டச்சுக் கல்வி பெற்றவர்களும் அதில் இருந்தார்கள்.

மூன்றாவது திசை சுராபாயாவிலிருந்து வந்தது. 'சின் தித் போ' நாளிதழை நடத்திய லியெம் குன் ஹியான், 1932 செப்டம்பரில் இந்தோனேசியச் சீனர் கட்சியைத் தொடங்கினார். பெரானாக்கான் மக்கள் இங்கே பிறந்து இங்கேயே மடிபவர்கள், அவர்களுடைய நாடு இந்தோனேசியா, எனவே விடுதலைப் போராட்டத்தில் அவர்கள் சேர வேண்டும் என்பது அவருடைய வாதம். 'இந்தோனேசியா' என்ற நாடே வரைபடத்தில் இல்லாத காலத்தில் சொல்லப்பட்டது இது. அப்பத்திரிகையில் பணியாற்றிய அரபு வம்சாவளி இளைஞர் பாஸ்வேதான், 1934இல் இதே கருத்தோடு அரபு இந்தோனேசியர் கட்சியைத் தொடங்கினார் என்பதிலிருந்து லியெமின் சிந்தனை எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதை உணரலாம்.

சின் போவைக் குறுகிய நோக்குடையது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பின்னாளில் இந்தோனேசியாவின் நாட்டுப்பண்ணான பாடலை இயற்றிய சுப்ரத்மான், சின் போவின் செய்தியாளர். அப்பாடல் வரிகளை 1928 நவம்பர் 10ஆம் தேதி வார இதழில் வெளியிட்டதும் சின் போவே. 1925 முதல் ஆசிரியராக இருந்த குவே கெக் பெங், இந்தோனேசியத் தேசியத் தலைவர்களோடு நெருங்கிப் பழகியவர். இந்தோனேசியர்களின் விடுதலையை மனமார ஆதரித்த அப்பத்திரிகை, தன் வாசகர்கள் இந்தோனேசியர்களாக வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அது கருதவும் இல்லை. தேசம் என்பது இனத்தைக் கொண்டது என்ற எண்ணம் அன்றைய ஆசியாவில் பரவலாக இருந்ததால், அதை இன்றைய அளவுகோலால் குறைசொல்வது நியாயமாகாது.

1945 முதல் 1951 வரை: மௌனம் சம்மதம்

ஜப்பானிய ஆக்கிரமிப்பு 1942இல் இப்பத்திரிகைகளை மூடியது. சின் போவின் இயக்குநர் ஆங் ஜான் கோவான் உட்படப் பலர் முகாமில் அடைக்கப்பட்டனர். ஆக்கிரமிப்பின் முடிவில், 1945 ஜூலையில் அரசியலமைப்பை வகுத்த ஆயத்தக் குழுவில் லியெம் குன் ஹியானும் இருந்தார். சீனர்கள் அனைவரையும் இயல்பாகவே குடிமக்களாக ஏற்க வேண்டும் என்று அவர் கோரினார். குழுவிலிருந்த மற்றச் சீன உறுப்பினர்கள் அவரோடு உடன்படவில்லை. இறுதியில் அமைந்த 26ஆம் பிரிவு, 'பூர்விக இந்தோனேசிய இனத்தவரும்', சட்டத்தால் குடிமக்களாக ஏற்கப்படும் பிற இனத்தவரும் குடிமக்கள் என்றது. அதிபர் பூர்விக இந்தோனேசியராக இருக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொன்னது. 'பூர்விகம்' என்பதற்கு அரசியலமைப்பில் வரையறை இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு: ஒரு பகுதியினர் பிறப்பால் குடிமக்கள், மறுபகுதியினர் சட்டத்தின் தயவால் குடிமக்கள் என்ற பிரிவினை முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் அடுத்து வந்த சட்டங்கள் தாராளமானவை. 1946ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், இந்தோனேசியாவில் பிறந்து தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிற இனத்தவரையும் குடிமக்கள் என்றது, விருப்பமில்லாதவர் மறுக்கலாம். 1949 இறுதியில் ஹேக் நகர வட்டமேசை மாநாட்டில் டச்சு அரசோடு ஏற்பட்ட ஒப்பந்தமும் இதே வழியில் சென்றது. நாட்டில் பிறந்த டச்சுப் பிரஜைகளான சீனர்கள், 1949 டிசம்பர் 27 முதல் 1951 டிசம்பர் 27 வரையிலான இரண்டு ஆண்டுகளுக்குள் மறுப்பு தெரிவிக்காவிட்டால் இந்தோனேசியக் குடிமக்கள். இதுவே மௌன முறை.

மறுப்பவர்களும் கணிசமாக இருந்தார்கள். விடுதலைப் போரின்போது, குறிப்பாக 1946 நடுவில் தாங்கராங் பகுதியில் சீனர்கள்மீது நடந்த கொடும் வன்முறை புதிய குடியரசின் மீதான நம்பிக்கையை உலுக்கியிருந்தது. மறுபுறம், 1949இல் பெய்ஜிங்கில் உதித்த புதிய கம்யூனிஸ்ட் ஆட்சி பலருக்குப் பெருமிதம் தந்தது. 1950இல் ஜகார்த்தாவுக்கு வந்த அதன் முதல் தூதர் வாங் ரென்ஷு ஓர் எழுத்தாளர். போர்க்காலத்தில் சுமத்திராவில் மறைந்து வாழ்ந்தவர் என்பதால் இச்சமூகத்தை நன்கு அறிந்தவர். சீன மொழி நாளிதழ்கள் இரண்டாகப் பிளந்து, 'ஷெங் ஹுவோ பாவ்' போன்றவை பெய்ஜிங் பக்கமும், 'தியான் ஷெங் ரிபாவ்' போன்றவை, தைவானுக்குப் பின்வாங்கிய பழைய தேசியவாத அரசின் தைபே பக்கமும் நின்றன. மலாய் மொழிப் பத்திரிகைகளில் சின் போ மெல்ல பெய்ஜிங் அனுதாபியானது. இஞ்ஞோ பெங் கோவாட்டை ஆசிரியராகக் கொண்ட 'கெங் போ' நாளிதழும், அதன் குழும இதழும் ஆவ்யோங் பெங் குன் ஆசிரியத்துவத்தில் வந்ததுமான 'ஸ்டார் வீக்லி'யும், இந்தோனேசியக் குடியுரிமையே பெரானாக்கான் சமூகத்தின் எதிர்காலம் என்ற நிலையை எடுத்தன.

இக்காலத்தின் கசப்பான நிகழ்வு லியெம் குன் ஹியானுடையது. 1951 ஆகஸ்டில் பிரதமர் சுகிமானின் அரசு இடதுசாரிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கைதுசெய்தபோது அவரும் சிறைப்பட்டார். இருபது ஆண்டுகள் எந்தக் குடியுரிமைக்காக வாதாடினாரோ, அதையே வெறுத்து உதறிச் சீனக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார். 1952இல் மேடானில் காலமானார். நாட்டுக்கு உண்மையானவர் யார் என்பதை இத்தகைய சட்ட அறிவிப்புகளை வைத்து அளந்துவிடலாம் என்று நம்புவோர் அவருடைய வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

1954 முதல் 1962 வரை: மௌனம் மறுப்பு

மௌன முறையால் குடிமக்களானவர்கள் சீனாவின் பார்வையில் சீனர்களாகவே நீடித்தார்கள். இந்த இரட்டைக் குடியுரிமையை அறுக்க வேண்டும் என்று இந்தோனேசிய அரசு நினைத்ததில் தவறில்லை. வழியைத்தான் கேள்விக்குள்ளாக்க வேண்டும். 1950களின் முற்பகுதியில் அரசு தயாரித்த வரைவுச் சட்டம், தன் பெற்றோரும் இந்தோனேசியாவில் பிறந்து நெடுங்காலம் வசித்தவர்கள் என்று மெய்ப்பித்தால்தான் குடியுரிமை என்றது. ஏற்கெனவே குடிமக்களாகிவிட்டவர்களையும் மறுபடியும் வரிசையில் நிறுத்தும் ஏற்பாடு அது. அதை எதிர்த்தே 1954 மார்ச் 13இல் பாபெர்க்கி என்ற அமைப்பு பிறந்தது. அதன் தலைவர் சியாவ் கியோக் சான், செமாராங் நகரின் 'மத்தாஹாரி' நாளிதழில் உருவானவர். விடுதலைப் போர்க்கால அமைச்சரவையில் சிறுபான்மையினருக்கான அமைச்சராகவும் இருந்தவர். வழக்கறிஞர் யாப் தியாம் ஹியென் போன்ற, அவருடைய அரசியலோடு ஒத்துப்போகாதவர்களும் குடியுரிமைக் கேள்வியில் அதே அமைப்புக்குள் நின்றனர்.

1955 ஏப்ரலில், ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டின்போது, சீனப் பிரதமர் சௌ என்லாயும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுனார்யோவும் 22ஆம் தேதி இரட்டைக் குடியுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வம்சாவளியினர் அனைவர்மீதும் சீனா கொண்டாடிவந்த உரிமையை முதன்முறையாக விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் என்று அது பாராட்டப்பட்டது. அதன் உள்ளடக்கம் இதுதான்:

1. இரட்டைக் குடியுரிமை உடையவர் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. இந்தோனேசியாவைத் தேர்ந்தெடுப்பவர் சீனக் குடியுரிமையைக் கைவிடுவதாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவர் தகப்பன் வழியில் சீனராகக் கருதப்படுவார்.

3. வயதுவராத பிள்ளைகள் பெற்றோரின் நிலையைப் பின்பற்றுவர். 18 வயது நிறைந்தபின் ஓராண்டுக்குள் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது அம்சத்தில் மௌனத்தின் பொருள் தலைகீழானது. 1951 டிசம்பர் 27 அன்று வாய் திறக்காமல் இருந்ததால் இந்தோனேசியரானவர், இனி வாய் திறக்காமல் இருந்தால் சீனர். அரசு ஊழியர், படைவீரர் போன்றோர் தம் நிலையாலேயே சீனக் குடியுரிமையைத் துறந்தவர்களாக ஏற்கப்படலாம் என்ற விலக்கு, 1955 ஜூனில் இரு அரசுகளும் பரிமாறிய குறிப்புகளால் கிடைத்தது. கடைக்காரருக்கும் கூலிக்கும் விலக்கு இல்லை.

நடைமுறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தேர்வுக்காலம் 1960 ஜனவரி 20 முதல் 1962 ஜனவரி 20 வரை. மத்திய ஜாவாவின் ஒரு சிற்றூரில் 45 வயதுள்ள மளிகைக் கடைக்காரர் அந்தக் காலத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அறிவிப்புச் செய்ய வேண்டும். இங்கேதான் பிறந்தேன் என்பதற்கு அவர் எதைக் காட்டுவார்? ஜாவாவில் சீனர்களுக்கான பிறப்புப் பதிவேடு 1919 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவரிடம் காட்ட எதுவும் இருக்காது. பின் பிறந்தவர்களிலும் பதிவு செய்யாதோர் ஏராளம். சாட்சியைப் பிடித்து, முத்திரைக் கட்டணம் கட்டி, கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு அலைய வேண்டும். வாசகர்களுக்குப் பத்திரிகைகள் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். எந்த அலுவலகம், என்ன காகிதம், எந்தத் தேதிக்குள் என்பதை அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதக்கூடியவை அவைதான்.

இதனிடையே இன்னோர் இடி. 1959 நவம்பரில் வெளியான 10ஆம் எண் அதிபர் ஒழுங்குவிதி, கிராமப்புறங்களில் வெளிநாட்டவர் சில்லறை வணிகம் செய்வதைத் தடைசெய்தது. கடைகளை மூட வேண்டிய நாள் 1960 ஜனவரி 1. யார் வெளிநாட்டவர் என்பதைத் தீர்மானிக்கும் தேர்வோ ஜனவரி 20இல்தான் தொடங்குகிறது. 19 நாள் இடைவெளியில் இரட்டைக் குடியுரிமை உடைய கடைக்காரர் எந்தப் பக்கம் என்பது, உள்ளூர் அதிகாரியும் படைத்தளபதியும் எப்படி நினைத்தார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. மேற்கு ஜாவாவில் ராணுவம் கடையை மட்டுமன்றி வீட்டையும் காலிசெய்ய வைத்தது. சீனா கப்பல்களை அனுப்பியது. 1960இல் மட்டும் சுமார் 1 லட்சம் பேர் புறப்பட்டுப் போனார்கள்.

பத்திரிகைகள் அடைந்த கதி

1957 மார்ச்சில் போர்ச்சட்ட நிலை வந்தபின் அச்சகத்தின் சாவி ராணுவத்தின் கையில் இருந்தது. சுமத்திரா, சுலவேசிக் கிளர்ச்சிகளுக்குத் தைவான் உதவியதாக எழுந்த சினத்தில் தைபே சார்புப் பள்ளிகளும் பத்திரிகைகளும் முதலில் விழுந்தன. 1958 ஏப்ரலில் சீன எழுத்தில் அச்சாகும் பத்திரிகைகள்மீதே தடை வந்தது. மலாய் மொழிச் சின் போ, சீனப் பெயரைத் துறந்து 1958இல் 'பஞ்ச வார்த்தா' ஆகி, 1960இல் 'வார்த்தா பக்தி' ஆனது. கெங் போ 'போஸ் இந்தோனேசியா' ஆயிற்று. பெயரை மாற்றிக்கொள்ளும் நெருக்கடி ஆட்களுக்கு வருமுன் பத்திரிகைகளுக்கு வந்துவிட்டது.

அந்த நெருக்கடியின் நடுவிலேயே ஒரு பெரிய விவாதமும் நடந்தது. 1960 மார்ச்சில் ஸ்டார் வீக்லி, ஆவ்யோங்கும் இஞ்ஞோவும் உட்படப் பத்து பேர் ஒப்பமிட்ட அறிக்கையை வெளியிட்டது; சீனச் சிறுபான்மையினர் தனித்து நில்லாமல் இந்தோனேசியச் சமூகத்தில் தாமாகவே கரைய வேண்டும் என்பது அதன் சாரம். ஜாவானியரும் சுந்தானியரும்போல் பெரானாக்கானும் நாட்டின் ஒரு குழுவாகவே இருக்கலாம், கரைய வேண்டியதில்லை என்றது பாபெர்க்கி. குடியுரிமைக்குக் கரைதலை நிபந்தனையாக்கவும் கூடாது, பாபெர்க்கித் தலைமையைப்போல் கம்யூனிஸ்டுகளோடு கைகோத்துப் பாதுகாப்புத் தேடவும் கூடாது என்று இருதரப்பையும் மறுத்தவர் யாப் தியாம் ஹியென். மூவரில் யாப்பின் நிலையே தெளிவானது என்று எனக்குப் படுகிறது. அன்று அவருக்குப் பின்னால் கூட்டம் இல்லை. ஸ்டார் வீக்லி 1961இல் நின்றது. ஆவ்யோங், பி. கே. ஓஜோங் என்ற பெயரில் ஜாக்கோப் உத்தாமாவுடன் சேர்ந்து 1965 ஜூன் 28இல் தொடங்கிய 'கொம்பாஸ்' இன்று நாட்டின் முதன்மையான நாளிதழ்களில் ஒன்று.

1965க்குப் பிந்தைய விளைவுகள்

1. ராணுவத் தளபதிகள் சிலர் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகள்மீது பழி விழுந்த 1965 செப்டம்பர் 30 நிகழ்வுக்குப் பிறகு பாபெர்க்கி தடைசெய்யப்பட்டது. சியாவ் கியோக் சான் விசாரணையின்றிப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். வார்த்தா பக்தி மூடப்பட்டது. சீன எழுத்தில் வர அனுமதிக்கப்பட்ட ஒரே நாளிதழ், 1966 செப்டம்பரில் ராணுவக் கண்காணிப்பில் தொடங்கிய 'ஹாரியான் இந்தோனேசியா'. அதிலும் ஒரு பகுதி இந்தோனேசிய மொழியிலேயே இருந்தது.

2. 1966இல் பெயர்மாற்றத்துக்கு எளிய நடைமுறை அறிவிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டின் 14ஆம் எண் அதிபர் ஆணை, சீனச் சமயச் சடங்குகளையும் விழாக்களையும் வீட்டுக்குள் முடக்கியது. அதே ஆண்டு சீனாவுடனான உறவு உறைந்தது, 1990இல்தான் மீண்டது.

3. 1969இல் இந்தோனேசியா ஒருதலைப்பட்சமாக இரட்டைக் குடியுரிமை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பெற்றோர் அறிவிக்கத் தவறியதால் சீனராகிவிட்டு, 18 வயதில் தேர்ந்தெடுக்கலாம் என்று காத்திருந்த பிள்ளைகளுக்கு அந்த வாயில் அடைபட்டது. அவர்களுக்கு எஞ்சியது, வெளிநாட்டவரைப்போல் புதிதாகக் குடியுரிமை கோரும், செலவும் தாமதமும் மிகுந்த விண்ணப்பம் மட்டுமே.

4. சட்டங்கள் மாறி மாறி வந்ததால், யார் எந்த ஆண்டில் எந்த விதியின்கீழ் குடிமகனானார் என்பதை எந்த அலுவலரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரிடமும் காகிதம் கேட்பதே அவர்களுக்கு எளிதாக இருந்தது. 1978இல் நீதித்துறை அமைச்சகத்தின் விதியால் எஸ்பிகேஆர்ஐ நிலைபெற்றது. 1996ஆம் ஆண்டு அதிபர் ஆணை அதைக் கைவிடச் சொன்னபிறகும் அலுவலகங்கள் கேட்பதை நிறுத்தவில்லை.

1965 நிகழ்வுகளுக்குப் பின் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி சுகார்த்தோ 1998இல் வீழ்ந்தபின் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1967ஆம் ஆண்டு ஆணையை 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் நீக்கினார். சீன மொழி நாளிதழ்கள் மறுபடியும் அச்சேறின. ஆனால் முப்பது ஆண்டுகள் சீனப் பள்ளி இல்லாமல் வளர்ந்த தலைமுறைக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை, வாசகர்கள் பெரும்பாலும் முதியவர்களாகவே இருந்தார்கள். 2001 திருத்தத்தால் அதிபர் தகுதிக்கான 6ஆம் பிரிவிலிருந்து 'பூர்விக' என்ற சொல் போனது. 26ஆம் பிரிவில் அச்சொல் இன்னும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 12ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அதற்கு விளக்கம் தந்தது: பிறப்பு முதல் இந்தோனேசியக் குடிமகனாக இருந்து, தன் விருப்பத்தால் வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்காதவரே பூர்விக இந்தோனேசியர். 1945 ஜூலையில் லியெம் கேட்டது ஏறத்தாழ இதைத்தான். அச்சட்டத்தின்கீழ் குடியுரிமைக்குப் பிறப்புச் சான்றிதழே போதுமான ஆதாரம் என்றாயிற்று. அதனால், அச்சான்றிதழும் இல்லாமல் தாங்கராங் ஆற்றோரக் குடியிருப்புகளில் வாழ்ந்துவந்த ஏழைச் சீனக் குடும்பங்களுக்காகப் பிறப்புப் பதிவு முகாம்களை நடத்த வேண்டியதாயிற்று.